காவடிக்குப் பின்னால் வரும் ஸ்டூல்

கைதட்டல் ஓய்ந்துவிட்டது. பாடாங் திடலின் ஓரத்தில், அங்சானா மர நிழலில், பிள்ளைகள் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் தட்டிய கைகளை மடியில் வைக்கவில்லை. இடது காலை நீட்டி, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முன்னெலும்பைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள்.

அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, சிறப்பு விருந்தினருக்கென்று வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்தேன்.

போன ஆண்டு, ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி வெயில். முதல் நாள் மழை பெய்திருந்தது. பினாங்கில் மழைக்கு மறுநாள் வெயில் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரையே வேகும். புல்லிலிருந்து எழும் ஆவி சட்டைக்குள் புகுந்துகொள்ளும். அந்த வெயிலில் பிள்ளைகள் யார் கையிலும் தண்ணீர்ப் போத்தல் இல்லை. அதையும் பார்த்தேன்.

நான் ஆசிரியர் வேலையில் சேர்ந்ததைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பழைய மாணவர்கள் சிலர் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். "அடுத்து சேகர் கதைதானே சார்?" என்று ஆசையாகக் கேட்டார்கள்.

ஆமாம், சேகர் கதைதான். ஆனால் நீங்கள் கேட்டுப் பழகிய சேகர் கதை இல்லை.

மேடைக்கு ஏற்ற கதை

கேட்டுப் பழகியது இதுதான். சேகர் என்று என் மாணவன் ஒருவன். பதினைந்து வயது. மாவட்டப் போட்டியில் மூவாயிரம் மீட்டர் ஓட்டம். கடைசிச் சுற்றில் அவன் கால் எலும்பு முறிந்துவிட்டது. அவன் நிற்கவில்லை. முறிந்த காலோடு ஓடி, மூன்றாவதாக வந்து, கோட்டைத் தாண்டிய பிறகுதான் விழுந்தான். வெண்கலப் பதக்கத்தை மருத்துவமனைக் கட்டிலில் வைத்து அவன் கழுத்தில் போட்டோம்.

இதைப் பரிசளிப்பு விழாக்களில் சொல்லியிருக்கிறேன். பிரியாவிடை நிகழ்ச்சிகளில் சொல்லியிருக்கிறேன். சேகரின் கல்யாணத்திலேயே வாழ்த்துரையில் சொன்னேன், மணப்பெண் அழுதாள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிறுத்துவேன். குரலைத் தாழ்த்தி, "அவனிடம் நான் சொன்னது ஒரே ஒரு சொல்: தாங்கு" என்பேன். அந்த இடத்தில் கைதட்டு வரும். வராமல் போனதே இல்லை.

சேகருக்கு இப்போது ஐம்பதை நெருங்கும் வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இடது குதிகால் தரையில் முழுதாகப் பதியாது. நடக்கும்போது தோள் ஒரு பக்கம் இலேசாக இறங்கி ஏறும். சனிக்கிழமைதோறும் எங்கள் வட்டாரத்து இளைஞர் மன்றத்தின் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுக்கிறான். கூலி வாங்குவதில்லை. பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கூடத் தன் கைக்காசில்தான்.

நல்லவன். நான் கோபமாக எழுதப்போவதை வாசிக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள். கெட்டவன் கையில் நம் பிள்ளைகள் சிக்கினால் ஓடிப்போய் மீட்டுக்கொண்டு வருவோம். நல்லவன் கையில் சிக்கினால் அவனுக்கு மாலை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம்.

அவன்தான் அன்று என்னைக் கூப்பிட்டிருந்தான். "மாநில அணித் தேர்வு நெருங்குது சார். பிள்ளைங்க கொஞ்சம் சோர்ந்து போயிருக்கு. நீங்க வந்து நம்ம கதையைச் சொன்னா சரியாயிடும்."

சொன்னேன். முடித்ததும் ஒரு பையன் சேகரைப் பார்த்துக் கேட்டான்: "மாஸ்டர், எலும்பு ஒடஞ்சப்ப சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு லா. முறுக்கு கடிச்ச மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காலை அழுத்திக்கொண்டிருந்த அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

அவள் பெயர் தர்ஷினி. பதினான்கு வயது. பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாமிலிருந்து அம்மாவோடு பெரிப் படகு ஏறி வருபவள். தேர்வுக்குப் போகிறவர்களில் அவள்மேல்தான் சேகருக்கு நம்பிக்கை அதிகம்.

விசில் யார் கையில்

அன்று பாடாங்கில் நடந்த பயிற்சியைச் சொல்கிறேன். தாமதமாக வந்தவர்களுக்கு டெண்டா. மலாய்ப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் இந்தச் சொல் தெரியும், தண்டனை. பாடாங்கைச் சுற்றி ஓட வேண்டும். மெதுவாக ஓடியவர்களுக்கும் டெண்டா, அதே சுற்று. நன்றாக ஓடியவர்களுக்குப் பயிற்சி. அதுவும் அதே சுற்றுதான். எது தண்டனை, எது பயிற்சி என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? சேகருக்கே தெரியாது.

தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாம் அவன் காடியின், அதாவது காரின், பின்பெட்டியில் பூட்டிக் கிடந்தன. ஏன் என்று கேட்டேன்.

"ஓடுறப்ப தண்ணி குடிச்சா வயிறு இழுக்கும்னு நீங்கதானே சார் சொல்லுவீங்க?"

நான்தான் சொன்னேன். என் காலத்தில் என்னிடம் காடி இல்லை. பள்ளித் திடலில் இருந்த ஒரே குழாயின் திருகைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். ஓட்டம் முடிந்த பிறகு திருகைத் திரும்ப மாட்டுவேன். பிள்ளைகள் அந்தக் குழாயைச் சுற்றி மொய்ப்பதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். கட்டுப்பாடு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

எனக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் இல்லை. நான் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன். பினாங்கு ஸ்திரீட்டில் வட்டிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன். பெரிகூட ஓடிப் பிடித்தது கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தலைமையாசிரியர் ஆசிரியர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "நீங்கதான் உயரமா இருக்கீங்க. ஓட்டத்தை நீங்க பாத்துக்குங்க," என்று ஒரு விசிலைக் கையில் கொடுத்தார்.

உயரமாக இருக்கிறார் என்று யாரையாவது வேதியியல் கூடத்துக்குள் விடுவார்களா? அமிலத்தைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளை முன்னால் நிறுத்துவார்களா? ஆனால் எலும்பு முற்றாத பிள்ளைகளின் காலை எவன் கையிலும் கொடுப்பார்கள். விசில் ஊதத் தெரிந்தால் போதும்.

இன்றும் அப்படித்தான். டியூஷனுக்கு அனுப்பும்போது அந்த ஆசிரியர் என்ன படித்தவர், போன ஆண்டு எத்தனை பேருக்கு ஏ வாங்கிக் கொடுத்தார் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். பரதநாட்டியம் என்றால் யாரிடம் கற்றவர் என்று கேட்கிறோம். கல்யாணச் சமையலுக்கு ஆள் பிடிக்கும்போது நாலு வீட்டில் விசாரிக்கிறோம். பிள்ளையை ஓடவிடும்போது மட்டும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. ஓடுவதில் படிக்க என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். கால் இருக்கிறது, பாடாங் இருக்கிறது, ஓடு.

இந்த அலட்சியத்தை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. அந்த அலட்சியத்தின் சம்பளத்தில்தான் நான் வாழ்ந்தேன் என்பதை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது.

அமுதா வந்த மாலை

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். தொழிற்சாலைச் சீருடை, கழுத்தில் அட்டை. வாசலிலேயே நின்றாள். என் மனைவிதான், "உள்ள வாம்மா, மழை வரப்போவுது," என்று கூட்டி வந்தாள்.

"நான் தர்ஷினியோட அம்மா சார். அமுதா. வேலை முடிஞ்சு நேரா பெரி புடிச்சு வர்றேன். வீட்டுக்குத் தெரியாது."

தேநீரைத் தொடவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"காலையில எம்பொண்ணு மாடிப்படியில நடந்து எறங்க மாட்டேங்கிறா சார். உக்காந்து உக்காந்து எறங்குறா. நான் பாத்துட்டா, சும்மா வெளையாட்டுக்குன்னு சொல்லிச் சிரிக்கிறா. மொழங்காலுக்குக் கீழ ஒரு எடம் இருக்கு. தொட்டா கத்துறா."

"கிளினிக் போனீங்களா?"

"வரமாட்டேங்கிறா. சேகர் மாஸ்டர் எலும்பு ஒடஞ்சே ஓடுனாரு, எனக்கு இது என்னம்மா பெருசாங்கிறா. நீங்க வந்து கதை சொன்னீங்களே."

என் மனைவி சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொன்னேன்," என்றேன்.

"சேகர் மாஸ்டர்கிட்ட கேட்டேன். வளர்ற புள்ளைக்கு வலி இருக்கத்தான் செய்யும்னாரு. நல்ல மனுசன் சார், அவரை நான் ஒண்ணும் கொறை சொல்லல. ஆனா வர்ற வாரம் தேர்வு. அதுல ஓடுனா இவ காலு என்னாகுமோ. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா. நீங்க சொன்னதாலதானே வலியை மறைக்கிறா."

அவள் போன பிறகு சேகருக்குத் தொலைபேசி போட்டேன். தர்ஷினிக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாமே என்று இழுத்தேன்.

சேகர் சிரித்தான். "யாரு சார் பேசுறது? எங்க சாரா? நான் தாங்கலையா? அவளும் தாங்குவா சார். உங்களுக்கு வயசாயிடுச்சு லா, மனசு எளகிடுச்சு."

"சரிடா," என்று வைத்துவிட்டேன். சரி என்று சொன்னேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

என் மனைவி அமுதா குடிக்காத தேநீரைத் தொட்டியில் ஊற்றினாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்: "அன்னைக்கு அந்தப் பையன் நம்ம வீட்டு கேட்டுல வந்து நின்னானே. அதை என்னைக்காவது எந்த மேடையிலாவது சொல்லியிருக்கீங்களா?"

நான் விட்டுவிட்ட பாதி

இல்லை. ஒரு மேடையிலும் சொன்னதில்லை.

போட்டிக்குப் பல நாட்கள் முன்பிருந்தே சேகர் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். முதலில் ஓட்டம் முடிந்த பிறகு வலித்தது. பிறகு ஓடும்போதே வலித்தது. பிறகு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் வலித்தது. வலி இப்படி நெருங்கி நெருங்கி வருவதுதான் எச்சரிக்கை என்று இன்று எனக்குத் தெரியும். அன்று சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். சாக்குச் சொன்னதற்கு டெண்டா போட்டு இன்னும் இரண்டு சுற்று ஓடவிட்டேன்.

போட்டிக்கு முதல் நாள் மாலை வீட்டுக்கு வந்தான். கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே வரச் சொன்னபோது வரவில்லை.

"கால் கீழ வைக்கிறப்ப குத்துது சார். நாளைக்கு வேற யாரையாவது ஓட விடலாமா சார்?"

"நாளைக்கு ஒரு நாள்தானே. தாங்கு," என்றேன்.

என் மனைவி உள்ளே போய் ஜாதிக்காய் எண்ணெய்ச் சீசாவைக் கொண்டு வந்து கொடுத்தாள். பினாங்கில் எந்த வீட்டில்தான் அது இருக்காது? தடவிக்கொண்டு தூங்கச் சொன்னேன். மறுநாள் ஓட்டம் தொடங்கும் கோட்டில் நான் அவன் பக்கத்தில் போனபோது அந்த எண்ணெய் வாசனை அடித்தது. சீசாவில் பாதியைத் தடவியிருப்பான். வலி அவ்வளவு இருந்திருக்கிறது. இன்றும் கடையில் அந்த வாசனை வந்தால் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

ஏன் ஓடவிட்டேன்? பல ஆண்டுகளாக எங்கள் பள்ளி ஓட்டத்தில் ஒன்றும் வாங்கவில்லை. தலைமையாசிரியர் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிறகு அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று ஆசை இருந்தது. அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் எதையும் தேடிக் கண்டுபிடிக்க நான் விரும்பவில்லை.

கடைசிச் சுற்றில் அவன் நொண்டியபோது கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன், தாங்கு என்று. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த நாற்காலியும் பின்னாளில் எனக்குக் கிடைத்தது.

சுடுதார்

பிள்ளைகள் முரண்டு பிடித்தால் நான் சொல்லும் வழக்கமான பதில் ஒன்று உண்டு. "தைப்பூசத்துக்கு வெறுங்காலோட சுடுதாருல தண்ணீர்மலை முருகன் கோயில் வரைக்கும் நடக்கிறோமே, அது வலிக்கலையா? சாமிக்குத் தாங்குற, பள்ளிக்கூடத்துக்குத் தாங்க மாட்டியா?" பிள்ளைகளால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பெற்றோரும் தலையாட்டுவார்கள். வலியைத் தாங்குவதே பக்தி என்று நினைத்துக்கொண்டிருக்கும் நம் ஆட்களிடம் இந்தப் பேச்சு நன்றாக எடுபடும்.

ஆனால் நான் சொன்னது பொய். எனக்கே பொய் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சேகரின் கால் கூடினால் காவடி எடுப்பதாக அவன் அம்மா வேண்டிக்கொண்டார். அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தைப்பூசத்தில் அவன் சின்னக் காவடி ஒன்றைத் தூக்கினான். அவனோடு நான் போனேன். காவடி எடுப்பவருக்குப் பின்னால் ஸ்டூல் தூக்கிக்கொண்டு ஒருவர் வருவார், பார்த்திருப்பீர்கள். அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊரே பார்க்குமே என்ற எண்ணமும் இருந்தது.

அந்த வேலை இலேசானது இல்லை. காவடியைப் பார்க்கக் கூடாது. காலைத்தான் பார்க்க வேண்டும். முழங்கால் இலேசாக நடுங்கத் தொடங்கினால் அவனுக்குத் தெரிவதற்கு முன் நமக்குத் தெரிய வேண்டும். "உக்காருடா" என்று சொல்லி ஸ்டூலை முழங்காலுக்குப் பின்னால் வைத்து, அது சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் காலில் தண்ணீர் ஊற்றுவார். ஒருவர் விசிறுவார். நடுக்கம் நின்ற பிறகுதான் எழுப்புவோம். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். ஒரு பந்தலிலும் குழாய்த் திருகை எவனும் பையில் போட்டுக்கொள்ளவில்லை. மலைப்படி முடியும்வரை அவன் கால்களை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

எனக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது. அதுதான் என் குற்றம். அறியாமை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. சாமிக்கு நடக்கும்போது அவனுக்குப் பின்னால் ஸ்டூலோடு போனவன், எனக்காக ஓடும்போது கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினேன்.

தாங்கு என்றால் பொறுத்துக்கொள் என்று ஒரு பொருள். கீழே விழாமல் பிடித்துக்கொள் என்று இன்னொரு பொருள். முதலாவதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவது எனக்கு இட்ட வேலை. அதை நான் செய்யவில்லை.

மாவுக்குக் கொடுக்கிற நேரம்

நடந்ததை ஒழுங்காகச் சொல்வதென்றால் அந்தச் சனிக்கிழமையைத்தான் அடுத்துச் சொல்ல வேண்டும். ஆனால் தர்ஷினிக்கு என்ன ஆயிற்றோ என்று நினைத்துக்கொண்டே நீங்கள் வாசிப்பதை நான் விரும்பவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். முதலில் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெரிய இயந்திரத்துக்குள் படுக்கவைத்து எடுத்த படத்தில் தெரிந்தது, தலைமுடி போல ஒரு கீறல். தேர்வில் ஓடியிருந்தால் முழுதாக முறிந்திருக்கலாம் என்றார் மருத்துவர். அவள் ஓடவில்லை. பல வாரம் ஓட்டமே கிடையாது. அழுதாள். பிறகு தேறினாள்.

மருத்துவர் சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்குப் பெரிய அறிவியல் எதுவும் தேவைப்படவில்லை. ஓடும்போது எலும்பு கொஞ்சம் அடிபடும். ஓய்வில் அது தன்னைத் தானே கட்டிக்கொள்ளும், முன்பைவிட வலுவாகவே. கட்டி முடிக்கும் முன் மறுபடி அடித்தால் கீறல் விழும். அவ்வளவுதான். தோசை மாவுக்கு ஓர் இரவு கொடுக்கிறோம். புளிக்கவில்லையே என்று மாவைப் போட்டு அடிப்பவர்கள் யாராவது உண்டா? பிள்ளையின் எலும்புக்கு அந்த ஓர் இரவைக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை.

இப்போது அவள் முறையாகப் படித்த ஒரு பயிற்றுநரிடம் ஓடுகிறாள். நான் போய்ப் பார்த்தேன். முதலில் உடம்பைச் சூடேற்ற ஒரு நேரம். தூரத்தை ஒரேயடியாகக் கூட்டுவதில்லை. கடினமான நாளுக்கு மறுநாள் இலேசான நாள். காலணியைக் கவிழ்த்து அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். தண்ணீர் ஓரமாக, கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஓடுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் கேட்கிறார்கள்: "இன்னைக்கு எங்கேயாவது வலிக்குதா?" வலிக்குது என்று சொல்லும் பிள்ளையை யாரும் முறைப்பதில்லை.

இதற்குப் பெரிய அரங்கம் வேண்டாம். வெளிநாட்டு ஆள் வேண்டாம். இவ்வளவு எளிய காரியத்தை இத்தனை காலம் செய்யாமல் விட்டுவிட்டு, நம் பிள்ளைகளிடம் மன உறுதி இல்லை என்று மேடையில் பேசிக்கொண்டிருக்கிறோமே, அந்தப் பேச்சுக்குத்தான் டெண்டா போட வேண்டும்.

மீதிக் கதை

இப்போது அந்தச் சனிக்கிழமை.

யாரும் கூப்பிடாமல் போனேன். சேகருக்கு மகிழ்ச்சி. ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கி வந்து நிழலில் போட்டான். "உக்காருங்க சார். இன்னைக்கும் கதையா?"

"போன வாரம் பாதிதான் சொன்னேன். மீதியும் இருக்கு."

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். கேட்டில் வந்து நின்றதை, எண்ணெயை, நாற்காலியை, எல்லாவற்றையும். சேகர் கை கட்டி நின்று, சிரித்த முகமாகத்தான் கேட்கத் தொடங்கினான். பிறகு கைகளை இறக்கிக்கொண்டான்.

போன வாரம் முறுக்குச் சத்தம் கேட்ட அதே பையன் கை தூக்கினான். "மாஸ்டருக்கு வலிக்குதுன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"சும்மா இல்ல. ஓடச் சொன்னேன்."

யாரும் கைதட்டவில்லை. தர்ஷினி காலை மடக்கி, முன்னெலும்பைக் கைகளால் மறைத்துக்கொண்டிருந்தாள். அமுதா கொஞ்ச தூரத்தில் மோட்டார் சைக்கிள்கள் பக்கம் நின்றிருந்தாள்.

சேகர் என் முழங்கையைப் பிடித்து மரத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனான். பிடி வலித்தது.

"பிள்ளைங்க முன்னாடி ஏன் சார்? எனக்குன்னு இருக்கிறது அந்த மூணாவது எடம் ஒண்ணுதான். அதையும் எடுத்துக்கிட்டீங்களே."

"அதை எப்படிடா நான் எடுத்துக்க முடியும்? ஓடினது உன்னோடது. ஓடவிட்டது என்னோடது. இத்தனை நாளா ரெண்டையும் ஒண்ணாக்கிப் பேசி நான்தான் கைதட்டு வாங்கிட்டேன்."

அவன் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது குதிகால் தரையைத் தொடாமல் நின்றது.

"ஒண்ணு கேக்கவா சார்? அன்னைக்கு நான் பாதியில நின்னுருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். கட்டிப் பிடித்திருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். அவனும் அதை எதிர்பார்த்தானோ என்னவோ.

"கோழைன்னு சொல்லியிருப்பேன். எல்லார் முன்னாடியும்."

அவன் தலையாட்டினான்.

"தெரியும் சார். அதான் ஓடுனேன்."

பிறகு காடியை நோக்கி நடந்தான். கிளம்பிப் போகிறான் என்று நினைத்தேன். பின்பெட்டியைத் திறந்து போத்தல்களை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து புல்லில் போட்டான். "குடிங்க," என்றான். பிள்ளைகள் அசையவில்லை. ஓட்டம் இன்னும் தொடங்கவே இல்லையே. "குடிங்க லா," என்று மறுபடி சொன்ன பிறகுதான் ஒவ்வொருவராக வந்து எடுத்தார்கள்.

எனக்காகப் போட்டிருந்த சிவப்பு ஸ்டூலை அவன் தூக்கினான். தோள் இறங்கி ஏற, பிள்ளைகளுக்கு நடுவே நடந்து போனான். தர்ஷினி எழுந்து நின்றாள். இன்று தனக்குத்தான் முதல் ஓட்டம் என்று நினைத்திருப்பாள். அவன் அவளுக்குப் பின்னால் போய், ஸ்டூலை அவள் முழங்காலுக்குப் பின்னால் வைத்தான்.

"உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை. திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இருந்தது.

"டெண்டாவா மாஸ்டர்?"

சேகர் என்னைப் பார்த்தான். பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

"இல்லம்மா," என்றேன். "உக்காரு."

இடது காலை நீட்டியபடி அவள் மெல்ல உட்கார்ந்தாள். ஈரத் தரை. ஸ்டூலின் ஒரு கால் புல்லுக்குள் இறங்கி, ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்தது. நான் குனிந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.